டயருக்குள் ஒளிந்திருக்கும் 800 பவுண்டு

கேள்வி: ஐயா, இங்கே பியோரியா பக்கம் ஓர் ஏலத்தில் 1947-ஆம் வருடத்து ஃபார்மால் ஹெச் டிராக்டரை எடுத்துவிட்டேன். தொழிலாளர் தினத்தை ஒட்டி அயோவாவின் மவுண்ட் பிளசன்ட்டில் கூடும் பழைய இயந்திரத் திருவிழாவுக்குக் கொண்டுபோக ஆசை. என்னிடம் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் இருக்கிறது. நண்பர் 7,000 பவுண்டு கார் டிரெய்லர் தருகிறார். போதுமா?
- ஒரு வாசகர், இலினாய்

பதில்: தம்பி, பிக்கப் இழுத்துவிடும். டிரெய்லர்தான் இடிக்கிறது. 7,000 என்பது டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்த கணக்கு. அதில் 2,000 போனால் டிராக்டருக்கு மிச்சம் 5,000. வெறும் ஹெச் 4,000-க்குள் அடங்கும்தான். ஆனால் பின் டயரில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? நம் ஊரில் டயரில் தண்ணீர் ஏற்றுவார்களே, அதேதான். இங்கே குளிரில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலந்துவிடுவார்கள். அந்தக் கலவை ஒரு கேலன் ஏறக்குறைய 11 பவுண்டு. இரண்டு டயருக்கும் 800 சுலபமாக வரும். சக்கரத்தில் இரும்பு எடையும் மாட்டியிருந்தால் 5,000-ஐத் தொட்டுவிடும். வால்வைக் கீழே வரும்படி நிறுத்தி ஊசியை அழுத்துங்கள். காற்றுக்குப் பதில் நீர் பீய்ச்சினால் சந்தேகமே வேண்டாம். வால்வைச் சுற்றி ரிம் துருவேறி அரித்திருந்தாலும் அதே கதைதான். 10,000 பவுண்டு டிரெய்லரை வாடகைக்கு எடுங்கள், நாலு சக்கரத்திலும் பிரேக் உள்ளதாக.

முன்சக்கரம் இரண்டும் ஒட்டினாற்போல் நடுவில் இருக்கிறதா? அப்படியானால் கார் டிரெய்லரின் இரண்டு ஏற்றுப்பலகைக்கு நடுவில் அது அந்தரத்தில் தொங்கும். பலகைக்குப் பதில் முழு அகலக் கதவே சரிவாக இறங்கும் டிரெய்லராகக் கேளுங்கள்.

இனி என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஃபோர்டு 8என் டிராக்டரை முன்பக்கமாக ஓட்டி ஏற்றினேன். டிராக்டரின் கனமெல்லாம் பின்சக்கரத்தில் அல்லவா? அது டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம்கூட அமுங்கவில்லை. 'அட, லேசாக இருக்கிறதே' என்று மகிழ்ந்துபோனேன், மடையன். 55 மைலைத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. கண்ணாடியில் ஒரு தடவை இடப்பக்கம் தெரிகிறது, மறு தடவை வலப்பக்கம். பிக்கப் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தியதால் பிழைத்தேன். டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டும் கொக்கியில் இறங்கும் எடை, டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். உங்களுக்கு அது 800-க்குப் பக்கத்தில் வரும். கொக்கியின் ஸ்டிக்கரைப் படியுங்கள். எடை பகிரும் கொக்கி இல்லாவிட்டால் பல எஃப்-150-களில் 500-தான் அனுமதி.

டிராக்டரைப் பின்பக்கமாக ஏற்றுவதுதான் எனக்குப் பிடித்த முறை, முன்பக்கம் தூக்கி மல்லாந்துவிடுமோ என்ற பயமில்லை. நாலு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி. ஸ்டீயரிங் கம்பியில் சங்கிலியை மாட்டவே மாட்டாதீர்கள். பெட்ரோல் வால்வை மூடுங்கள். குலுங்கலில் கார்புரேட்டர் மிதவை ஆடி, பெட்ரோல் வழிந்து ஒழுகும். புகைக்குழாயை மூட ஒரு காலி டப்பா போதும்.

கிளம்பிப் பத்து மைலில் நிறுத்திச் சங்கிலியைத் தட்டிப் பாருங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். பர்லிங்டனில் மிசிசிப்பிப் பாலத்துக்கு முன் இன்னொரு தடவை. அங்கே பக்கக் காற்று பலமாக அடிக்கும்.

அது சரி, ஏலத்தில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?