பையன் செஃப் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறானா?

சார், உங்க மெசேஜ் படிச்சேன். இன்ஜினியரிங் சேர்க்கலாம்னு இருந்தோம், இவன் என்னடான்னா நியூயார்க் செஃப் விஜய் குமார் வேட்டி கட்டிட்டு அவார்டு வாங்குன வீடியோவ காட்டி காட்டியே உயிர எடுக்குறான்னு எழுதியிருந்தீங்க. சரி, அந்த விஜய் குமார் கதையவே பாப்போம், ஏன்னா உங்க பையன் அதோட கடைசி சீன மட்டும்தான் பாத்திருக்கான்.

அவரு திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்காரரு. அவருக்கும் இன்ஜினியரிங் ஆசைதான், வீட்ல வசதி இல்லாததால திருச்சி கேட்டரிங் காலேஜ்ல சேந்தாரு. அப்புறம் நம்ம மவுண்ட் ரோடு பக்கம் இருக்குற தாஜ் கன்னிமரா, அப்புறம் கப்பல், அதுக்கப்புறம் கலிஃபோர்னியா கிச்சன்கள்னு வருஷக்கணக்கா நின்னு வேலை பாத்துட்டுதான் 2021ல நியூயார்க்ல செம்மாங்கிற ஓட்டல். நல்ல ஓட்டலுக்கு உலக அளவுல குடுக்குற மிஷெலின் ஸ்டார் 2022ல, உங்க பையன் காட்டுன அந்த ஜேம்ஸ் பியர்ட் அவார்டு, அமெரிக்க செஃப்களுக்கு குடுக்குற பெரிய விருது, 2025ல. சின்ன வயசுல வயல்ல பொறுக்கி வீட்ல சமைச்ச நத்தை, ஸ்கூல்ல வெளிய சொல்லவே கூச்சப்பட்ட ஐட்டம், அது இன்னைக்கு அந்த ஓட்டல் மெனுல நத்தை பிரட்டல்னு இருக்கு. இதுல லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டுன காலேஜ் எங்கயாவது வருதா பாருங்க.

அதனால ஓஎம்ஆர்ல கண்ணாடி பில்டிங் காட்டி ஃபாரின் டை-அப், நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்னு சொல்றவங்ககிட்ட அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டிடாதீங்க, லோனும் எடுக்காதீங்க. தரமணில சென்ட்ரல் கவர்மென்ட் ஐஹெச்எம் (ஹோட்டல் மேனேஜ்மென்ட் காலேஜ்) இருக்கு, அதுக்கு என்டிஏ, அதான் நீட் நடத்துற அதே ஏஜென்சி, நடத்துற என்சிஹெச்எம் ஜேஇஇங்கிற நுழைவுத் தேர்வு எழுதணும், பிளஸ் டூல எந்த குரூப்பா இருந்தாலும் பரவால்ல, இங்கிலீஷ் ஒரு சப்ஜெக்டா இருந்தா போதும். விஜய் குமார் படிச்ச திருச்சி காலேஜையும் லிஸ்ட்ல வைங்க.

ஆனா ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. அடுத்து முகூர்த்த சீசன் வரும்ல, தெரிஞ்ச கல்யாண கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி பையன அடுப்படில விடுங்க, சம்பளம் எல்லாம் கேக்காதீங்க. மூட்டை சின்ன வெங்காயம் உரிக்கணும், விடிகாலை மூணு மணிக்கு இட்லி மாவு பதம் பாக்கணும், சாயங்காலம் அண்டா கழுவுற இடத்துலயும் நிக்கணும். பெரிய ஓட்டல்லயும் ஆரம்பத்துல இதான் சார், ஏசி இருக்கும் அவ்ளோதான் (பாதி கிச்சன்ல அதுவும் உருப்படியா வேலை செய்யாது). கமிஸ்னு கடைசிப் படில சேந்து, டெமி, சிடிபி, அப்புறம் தலைமை செஃப்புக்கு அடுத்த இடமான சூஸ் செஃப்னு ஏற வருஷங்கள் ஆகும், சம்பளம் மொதல்ல கையக் கடிக்கும், காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு ரெண்டா பிரிச்சுப் போடுற பிரேக் ஷிஃப்ட்ல மதியம் வீட்டுக்கும் வர முடியாது தூங்கவும் முடியாது, தீபாவளி பொங்கல் எல்லாம் டியூட்டிதான். நாலு முகூர்த்தம் முடிஞ்சும் அஞ்சாவதுக்கு அவனே கெளம்புனான்னா தைரியமா சேத்து விடுங்க. ரெண்டாவது நாளே முதுகு வலின்னு படுத்தா திட்டாதீங்க, ஹோட்டல் மேனேஜ்மென்ட்லயே ஃப்ரன்ட் ஆபீஸ், பேக்கரின்னு வேற லைன் இருக்கு, கூட்டிட்டு வாங்க பேசுவோம்.

சொந்தக்காரங்க சமையல்காரன்னு சொல்வாங்களேன்னு அம்மா அழறாங்கன்னு கடைசியா போட்டிருந்தீங்க. ஐஹெச்எம்ல குடுக்குறதும் பி.எஸ்சி. டிகிரிதான் சார், கேக்குறவங்ககிட்ட அதையே சொல்லச் சொல்லுங்க.