ஐந்து சொல்லுக்கும் ‘தடை’தானா?

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்துக்காகத் தினமும் ஆங்கில நாளிதழில் தொழில்நுட்பச் செய்திகளை வாசித்து, தெரியாத சொற்களை நோட்டில் எழுதி, எதிரே தமிழில் பொருள் போட்டுவைப்பேன். போன வாரம் புரட்டிப் பார்த்தால் பிளாக், பேன், ஷட்டவுன், சஸ்பெண்ட், த்ராட்டில் என ஐந்துக்கும் ‘தடை’ என்றே எழுதியிருக்கிறேன். சென்சார் என்பதற்கு ‘உணரி’ என்று இருக்கிறது. இப்படிப் படிப்பதால் பயன் உண்டா?

ஆர்., அருப்புக்கோட்டை

அன்புள்ள ஆர்.,

பயன் உண்டு. நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சென்சார் குழப்பம் நம் எழுத்தால் வந்தது. செல்போனில் வெளிச்சத்தை அறியும் கருவியையும் சினிமாவில் காட்சியை வெட்டச் சொல்லும் வாரியத்தையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முன்னது எஸ்ஸில் தொடங்கும், பின்னது சி-யில். சி-யில் தொடங்குவதற்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பான சென்சஸுக்கும் வேர் ஒன்று. பழைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்த அதிகாரியே அவர்களுடைய ஒழுக்கத்தையும் கண்காணித்தார். அவர் பதவியின் பெயர்தான் சென்சார்.

மற்ற ஐந்துக்கு என் யோசனை இது. தினம் ஒரு செய்தியிலிருந்து ஒரு சொல் என்று பொறுக்காமல், ஒரே நிகழ்வைப் பிடித்து ஆதியிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். காஷ்மீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் அங்கே இணையம், செல்போன், லேண்ட்லைன் எல்லாம் நின்றன. செய்தியாளர்கள் ஷட்டவுன் என்று எழுதினார்கள். அப்போதைய அரசு விதிகளில் இருந்த சொல் சஸ்பென்ஷன். 2017-இல் வந்த அந்த விதிகளின் பெயரே ‘டெம்பரரி சஸ்பென்ஷன்’ என்றுதான் தொடங்கியது. வேலையில் சஸ்பெண்ட் ஆனவர்களை நமக்குத் தெரியும். வேலை போய்விடவில்லை, திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 2020 ஜனவரி 10 அன்று பத்திரிகையாளர் அனுராதா பசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்திவைக்கக் கூடாது என்றது. தீர்ப்புச் செய்திகளில் இன்டெஃபினிட் என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். டெம்பரரிக்குப் பக்கத்தில் அதை எழுதுங்கள். இதைவிட நல்ல எதிர்ச்சொல் ஜோடி தேர்வுப் புத்தகத்தில் கிடைக்காது.

அந்த மாதக் கடைசியில் 2ஜி வந்தது, அதுவும் அரசு ஒப்புக்கொண்ட 301 தளங்களுக்கு மட்டும். இந்தப் பட்டியல்தான் ஒயிட்லிஸ்ட். பிளாக் செய்தால் பெயர் சொன்னவை மூடப்படும், மற்றவை திறந்திருக்கும். ஒயிட்லிஸ்ட்டில் பெயர் சொன்னவை மட்டும் திறந்திருக்கும். மார்ச்சில் பட்டியல் போனது, வேகம் 2ஜியிலேயே நின்றது. இதுதான் த்ராட்டில். தொண்டையைக் குறிக்கும் த்ரோட் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கழுத்தை நெரிப்பது என்று பொருள். அந்த வருடம் கொரோனாவால் நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் ஆன்லைனுக்குப் போனது. காஷ்மீர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு வீடியோ திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்களுக்கும் இந்தச் சொல் மறக்காது. ஜம்மு காஷ்மீர் முழுவதற்கும் 4ஜி ரெஸ்டோர் ஆனது 2021 பிப்ரவரி 5-இல். பதினெட்டு மாதம். டெம்பரரி என்ற சொல் அவ்வளவு தூரம் நீண்டது.

பேன், பிளாக் இரண்டும் எளிது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகள் நிறுத்தப்பட்டபோது தலைப்புகளில் பேன் என்று வந்தது. அதற்குப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு பேசுவது பிளாக் செய்வதை. ‘கூடாது’ என்கிற உத்தரவு பேன். வழியை அடைக்கும் வேலை பிளாக்.

நோட்டில் இன்னொரு கட்டம் போடுங்கள்: யார் செய்தது? இந்தச் செய்திகளில் பாதி ‘நிறுத்தப்பட்டுள்ளது’ என்ற செயப்பாட்டு வினையிலேயே முடிந்துவிடும். ஆங்கில வாக்கியத்தில், யாரால் என்று காட்டும் ‘பை’ (by) இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் செய்திக்குள் இன்னும் கீழே போங்கள். பெரும்பாலும் ஓர் உள்துறைச் செயலரின் ஆணை அங்கே இருக்கும்.

சீக்கிரமே வித்ஹெல்ட் என்ற சொல் உங்கள் கண்ணில் படும். எக்ஸ் தளத்தில் ஒரு கணக்கு இந்தியாவில் மட்டும் மறைக்கப்பட்டிருந்தால் அப்படித்தான் போடுவார்கள். அதற்கும் ‘தடை’ என்று எழுதிவிடாதீர்கள். கல்லூரியில் ரிசல்ட் வந்த அன்று யாராவது ஒருவர் பதிவெண்ணுக்கு நேரே இதே சொல்லைப் பார்த்திருப்பீர்கள். மார்க் இருக்கிறது, அவருக்குக் காட்டவில்லை.