இடது பிளக்கின் நிறம்

வணக்கம் அண்ணா,

திண்டுக்கல்லில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 34. என் அப்பாவுக்கு இளம் வயதில் ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் மேல் தீராத ஆசை. எங்கள் ஊரில் ஒரே ஒருவரிடம்தான் அது இருந்ததாம். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அப்பா மளிகைக்கடைத் தராசை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாராம். இதுவரை அவர் வாங்கவில்லை. இப்போது கோவையில் 1986 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கர்நாடகப் பதிவெண். முழுக்கப் புதுப்பித்த வண்டி, பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மூன்றரை லட்சம் சொல்கிறார். மனைவிக்குப் பயம். ஆளைக் கொல்லும் வண்டி என்று அவளுடைய மாமா சொல்லிவிட்டார். வாங்கலாமா? தினமும் வங்கிக்கு ஓட்டலாமா? நீங்கள் ஒன்று வைத்திருப்பதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

தாராளமாக ஆர்.டி. (ராஜ்தூத் 350-ஐ நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வாங்குங்கள். ஆனால் போட்டோவில் மின்னுகிற அந்த வண்டியைத்தான் வாங்க வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

உங்கள் அப்பாவின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்.டி.350-ஐ ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே தயாரிக்கத் தொடங்கியபோது, நம் சாலைகளில் புல்லட்டும் எஸ்டியும்தான் பெரிய வண்டிகள். அந்தக் கூட்டத்துக்குள் 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர் என்று ஒன்று வந்து நின்றது. ஜப்பானில் 39 குதிரைத்திறன் தந்த என்ஜின் இங்கே 30.5-ஆகக் குறைந்தது. மைலேஜ் போதவில்லை என்று பிறகு 27-ஆக இன்னும் அடக்கினார்கள். முதலாவதை ஹை டார்க் (டார்க் என்றால் இழுவிசை) என்றும் அடுத்ததை லோ டார்க் என்றும் சொல்வோம். 1986 மாடல் என்றால் உங்களுக்கு வருவது பெரும்பாலும் லோ டார்க். அதில் குறை ஒன்றும் இல்லை. சுமார் 5,000 ஆர்.பி.எம். தாண்டியதும் அதுவும் இழுத்துக்கொண்டு பறக்கும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் இந்த வண்டியைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிக் கண் விரியப் பேசுவார்கள்.

நான் என் முதல் ஆர்.டி.யை வாங்கியதும் உங்களைப் போலத்தான். பெயின்ட் புதிது, குரோம் புதிது, சீட் புதிது. "பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்தியாச்சு சார்" என்றார் விற்றவர். அது உண்மையும்கூட. மூன்றாவது வாரம் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். என்ஜின் சத்தம் ஒரு கணம் மெலிந்தது. யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டு தார்ச்சாலையில் கீச்சென்று கோடு போட்டது. கிளட்ச் லீவரில் இரண்டு விரலை எப்போதும் வைத்திரு என்று என் மெக்கானிக் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த இரண்டு விரல்தான் அன்று என்னைக் காப்பாற்றியது.

புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சூடு ஆறியதும் இரண்டு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். வலது பிளக் நல்ல டீ நிறத்தில் இருந்தது. இடது பிளக் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருந்தது. அதன் முனையில் ஊசிக்குத்து அளவில் வெள்ளிப் பொட்டுகள். உருகிய பிஸ்டனின் அலுமினியம் அது.

காரணம் கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இடது ஓரத்தில் இருக்கும் ஒரு ரப்பர் சீல். பல வருடம் ஆன சீல் காய்ந்து இறுகிவிடும். அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். காற்று கூடினால் கலவையில் பெட்ரோல் குறையும், அந்தப் பக்கத்து பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும். வலது பக்க சீல் போனால் கதை வேறு. அது கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், வலது சைலன்சரில் மட்டும் வெள்ளைப்புகை விடாமல் வரும். என் வண்டியைப் புதுப்பித்தவர் வெளியே தெரிவதையெல்லாம் மாற்றியிருந்தார். கிராங்க் கேஸைப் பிரிக்கவே இல்லை.

அதனால் வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால், டூ ஸ்ட்ரோக் கிராங்க்கை அழுத்திப் பிரித்து, டயல் கேஜ் வைத்து நேர்படுத்தத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். மதுரையிலும் கோவையிலும் விசாரித்தால் கிடைப்பார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். ஒருவர்கூட அமையவில்லை என்றால் இந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள். அமைந்தால் அவரைக் கையோடு கூட்டிப்போங்கள். என்ஜினின் இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, கைப்பம்பால் ஆறு பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடித்து, அது சில நிமிடம் தாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். சிலிண்டர் எத்தனையாவது போரில் இருக்கிறது, அதாவது தேய்ந்த உள்துளையை எத்தனை முறை கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 64 மில்லிமீட்டரில் தொடங்கி கால் கால் மில்லிமீட்டராக நான்கு ஓவர்சைஸ்தான் உண்டு. நான்காவதில் இருக்கும் வண்டிக்கு அடுத்த முறை சிலிண்டரையே தேடி அலைய வேண்டிவரும்.

பெயின்ட் மங்கி, டேங்க்கில் சொட்டை விழுந்து, ஆனால் ஒரே ஆளிடம் ஓடிக்கொண்டே இருந்த வண்டி கிடைத்தால், பளபளக்கும் வண்டியைவிட அதற்கு நான் கூடுதலாகக்கூடக் கொடுப்பேன். பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

காகிதம். ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்திருக்க வேண்டும். கர்நாடகத்திலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்காத வண்டிக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டு எண் வாங்கும்போது இங்கே மறுபடி வரி கட்ட வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். வின்டேஜ் என்று பதிந்துகொள்ளலாம் என யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். அதற்கு ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். ராஜ்தூத் 350-இல் மூத்த வண்டிக்கே 2033-இல்தான் அந்த வயது வரும்.

உங்கள் மனைவியின் பயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். இந்த வண்டிக்கு ரேப்பிட் டெத் என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு, அது சும்மா வந்ததில்லை. ஜப்பான் வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கே டிரம் போட்டார்கள். வேகம் இருந்த அளவுக்கு நிறுத்தும் பலம் இல்லை. பிரேக் ஷூ, கேபிள், டயர் மூன்றையும் புதிதாக மாற்றிய பிறகுதான் வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை வீட்டில் அவர்களிடம் வாக்காகக் கொடுங்கள்.

தினசரி ஓட்டம் வேண்டாம். ஊருக்குள் நின்று நின்று போனால் பிளக் கரி பிடிக்கும், உங்களுக்கும் எரிச்சல் வரும். வங்கிக்கு ஸ்கூட்டரே போதும். ஆர்.டி.யை ஞாயிறு காலையில் எடுங்கள், சிறுமலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். கிளம்பும் முன் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான எண்ணெய்) டேங்க்கைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஆட்டோலூப் பம்ப் தானாகவே எண்ணெயை அனுப்பும்தான், ஆனால் டேங்க் காலியானால் அது உங்களிடம் சொல்லாது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதனாலும் கலவையில் பெட்ரோல் குறைவாக விழும், அதாவது என் இடது பிளக்குக்கு நடந்தது இரண்டு பிளக்குக்கும் நடக்கலாம். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப்போட்டு, பிளக்கின் நிறம் பார்த்து மெக்கானிக் முடிவு செய்யட்டும். இரண்டு வாரம் ஓட்டமாட்டீர்கள் என்றால் கார்புரேட்டர் கிண்ணங்களை வடித்துவிடுங்கள்.

கோவைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, ஆறும்வரை காத்திருங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகை வரும், அது இயல்பு. நன்றாகச் சூடேறிய பிறகு ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். ஆர்.பி.எம். உடனே இறங்க வேண்டும். இறங்காமல் மேலேயே தொங்கினால் எங்கோ காற்று புகுகிறது.

அப்பாவையும் அழைத்துப் போங்கள். புல்லட் போல இதன் கிக்கர் திருப்பி அடிக்காது, அவர் வயதிலும் உதைக்கலாம். எப்படிப் போனது என்று எழுதுங்கள், இரண்டு பிளக்கின் போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்