சுடாததற்காக வேலை போனவர்

கேள்வி: ஓய்வுபெற்ற இராணுவத்தினரைப் பொலிஸில் சேர்க்கலாம் என்கிறார்கள் சிலர். சுடப் பழகிய கை முறைப்பாடு எழுதப் பழகுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஒருவர் முன்பு உடுத்திய சீருடையை வைத்தே ஆளை அளந்துவிட்டீர்கள். அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் வெர்ட்டன் என்றொரு சிறு நகரம். அங்கே பொலிஸ்காரராக இருந்த ஸ்டீபன் மேடர், ஆப்கானிஸ்தானில் மரைன் படையில் பணியாற்றியவர். 2016 மே மாதம், கையில் துப்பாக்கியோடு நின்ற இளைஞர் ஒருவர், தன்னைச் சுடும்படி அவரைக் கெஞ்சினார். சாகத் துணிந்து நிற்கிறாரே தவிரக் கொல்ல வந்தவர் அல்லர் என்று மேடருக்குப் புரிந்தது. ஆயுதத்தைப் போட்டுவிடும்படி பேசிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த இன்னொரு பொலிஸ்காரர் சுட்டுக் கொன்றுவிட்டார். இளைஞரின் துப்பாக்கியில் தோட்டாவே இருக்கவில்லை. வேலை போனது யாருக்கு என்கிறீர்கள்? மேடருக்கு! அவர் வழக்குப் போட்டார். 2018இல் 175,000 டொலர் கொடுத்து நகர நிர்வாகம் இணக்கத்துக்கு வந்தது.

உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். 2013 ஓகஸ்டில் வெலிவேரியவில் சுத்தமான குடிநீர் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்கள் முன் இராணுவத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூன்று உயிர்கள் போயின. ஆனால் 2007 ஜூன் 7ஆம் திகதியை வெள்ளவத்தைக்காரர் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். லொட்ஜ் கதவுகளைத் தட்டி, 300க்கும் மேற்பட்ட தமிழர்களைக் கொழும்பை விட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதில் முன்னின்றது பொலிஸ்தான். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகே அது நின்றது.

ஆகவே, வருகிறவர் எந்த முகாமிலிருந்து வருகிறார் என்பதை விட்டுவிடுங்கள். எதிரியைத் தேடிப் பழகியவருக்குச் சாட்சியத்தைத் தேட எத்தனை மாதம் கற்பிக்கப் போகிறார்கள்? நிதானம் காட்டினால் மேலதிகாரி தட்டிக்கொடுப்பாரா, தண்டிப்பாரா? தமிழில் வாக்குமூலம் எழுத வருமா? (தமிழ் அரசகரும மொழியானது 1987இல். அரசியலமைப்பில் சொல்கிறேன்.)

சில ஆண்டுகளுக்கு முன் என் சைக்கிள் களவு போய், கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தேன். சிங்களத்தில் எழுதி நீட்டினார்கள், கையொப்பமிட்டேன். அதில் சைக்கிளைப் பறிகொடுத்தவன் நானா, களவெடுத்தவன் நானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதியவர் ஒருநாளும் இராணுவத்தில் இருந்தவர் அல்லர். அதை மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.