முடி, சமையல், மைக்: கறுப்பினப் பெண்களின் வானொலி பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கான வானொலி, இணைய ஒலிபரப்பு, வாழ்க்கைமுறை இதழ்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (சேலம்): இவர்களுக்கென்று தனியாக ஒலிபரப்பு எதற்கு? பாட்டு எல்லோருக்கும் ஒன்றுதானே?

பாட்டு ஒன்றுதான், பேச்சு வேறு. மெம்பிஸ் நகரில் டபிள்யூடிஐஏ என்று ஒரு நிலையம். 1947-இல் தொடங்கியபோது வழக்கமான வெள்ளையர் நிலையம்தான். வருமானம் இல்லை. 1948-இல் நாட் வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஆசிரியரை மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் நிகழ்ச்சிகள் முழுவதையும் கறுப்பின நேயர்களுக்கென மாற்றினார்கள். முதலாளிகள் மட்டும் வெள்ளையர்களாகவே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வில்லா மன்ரோ இல்லத்தரசிகளுக்கான காலை நிகழ்ச்சி நடத்தினார். சமையல் குறிப்பு, ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம், நடுவில் பாட்டு. கேட்க எளிய விஷயம்தான். ஆனால் அன்றைய மெம்பிஸில் ஒரு கறுப்பினப் பெண்ணை மரியாதையாக அழைத்து, அவள் வீட்டு விசேஷத்தைச் செய்தியாக வாசிக்கும் இடம் வேறு எங்கே இருந்தது?

அதே நிலையத்தில் பேசிப் பழகிய மார்த்தா ஜீன் ஸ்டைன்பர்க் பின்னால் டெட்ராய்ட் போனார். 'குயின்' என்பது அவருடைய பட்டம். 1967-இல் அங்கே கலவரம் வெடித்தபோது நாற்பத்தெட்டு மணி நேரம் ஒலிபரப்பிலேயே இருந்து, 'வீட்டுக்குப் போங்கள்' என்று மக்களிடம் பேசிக்கொண்டிருந்தார். தினமும் கேட்டுப் பழகிய குரல், சொன்னதைக் கேட்டார்கள்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவி): முதலாளி பெண்ணாக இருந்தால் என்ன மாறிவிடும்?

கேத்தி ஹ்யூஸைப் பாருங்கள். வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் நிலையத்தை அவர் நடத்தியபோது, 1976-இல், இரவு நேரத்துக்கு மென்மையான காதல் பாட்டுகளாகப் போட வைத்தார். மெல்வின் லிண்ட்சே என்ற மாணவர்தான் தொகுப்பாளர். துணையில்லாமல் தனியாக இருக்கும் பெண்களை மனதில் வைத்துச் செய்தது அது. பிற்பாடு நாடு முழுவதும் நிலையங்கள் இந்தப் பாணியைப் பின்பற்றின.

1980-இல் டபிள்யூஓஎல் நிலையத்தை வாங்கினார். வங்கி வங்கியாக ஏறி இறங்கி, முப்பத்திரண்டு இடத்தில் முடியாது என்றார்கள், முப்பத்து மூன்றாவது இடத்தில் ஒரு பெண் அதிகாரி கடன் கொடுத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். கடனைக் கட்ட முடியாமல் வீடு போய், மகனோடு நிலையத்திலேயே தங்கினார். தொகுப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லாததால் தானே மைக்கைப் பிடித்தார். 1999-இல் அவருடைய ரேடியோ ஒன் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற நாடளாவிய உச்சவரம்பை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. பெரியவர்கள் வாங்கிக் குவித்தார்கள், ரேடியோ ஒன்னும் சேர்த்துத்தான். ஒரே நிகழ்ச்சி பல ஊர்களில் ஒலிக்க ஆரம்பித்ததும், உள்ளூர்க் குரல்களுக்கு இடம் குறைந்தது. முதலாளி நம்மவராக இருந்தாலும் கணக்குப் பிள்ளைக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்.

கேள்வி (தஞ்சாவூர்): இணைய வானொலிக்கு ஸ்டூடியோ வேண்டாமா? வீட்டில் இருந்தே எப்படி நடத்தினார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. 2006-இல் பிளாக்டாக்ரேடியோ (BlogTalkRadio) என்று ஒரு சேவை வந்தது. தொகுப்பாளர் ஒரு எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து ரகசிய எண்ணை அழுத்தினால் போதும், ஒலிபரப்பு தொடங்கிவிடும். கணினித் திரையில் யார் யார் அழைத்திருக்கிறார்கள் என்று எண்கள் வரிசையாகத் தெரியும். நேயர் அழைத்து சும்மா கேட்டுக்கொண்டும் இருக்கலாம், பேச வேண்டுமானால் 'ஒன்று' என்ற எண்ணை அழுத்த வேண்டும். 'நானூற்று நான்கு அழைப்பாளரே, சொல்லுங்கள்' என்று பகுதிக் குறியீட்டைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அட்லாண்டா என்று கேட்கிற எல்லோருக்கும் புரியும், ஆனால் பேசுவது யார் என்று யாருக்கும் தெரியாது. விவாகரத்து, கடன், தேவாலயத்து அரசியல் என்று எல்லாம் வெளியே வர அந்த மறைப்பே போதுமானதாக இருந்தது. ஒலித்தரம் சுமார்தான். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம்கூடக் கேட்கும். அந்தச் சேவை 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது.

கேள்வி (அதே வாசகர்): பாட்டு ஏன் குறைவு, பேச்சே அதிகம்?

காசுதான் காரணம். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாட்டை எழுதியவருக்குக் கொடுக்கின்றன, பாடியவருக்கோ ஒலிப்பதிவு நிறுவனத்துக்கோ கொடுக்க வேண்டியதில்லை. இணையத்தில் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும், அதுவும் கேட்பவர் எண்ணிக்கை ஏற ஏறத் தொகையும் ஏறும். பேச்சுக்கு அந்தச் செலவு இல்லை.

கேள்வி (சென்னை): எந்த நிகழ்ச்சியை எடுத்தாலும் முடி, சருமம், ஒப்பனை. இதைத் தாண்டி எதுவும் இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள், முடி அங்கே சின்ன விஷயம் இல்லை. இயற்கையான சுருள் முடியோடும் பின்னலோடும் வேலைக்கு வரக் கூடாது என்று சொல்வதைத் தடுக்கக் கலிபோர்னியா 2019-இல்தான் கிரௌன் சட்டம் கொண்டுவந்தது. மற்ற பல மாநிலங்கள் அப்புறம் வந்தன. 2022-இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று, 33,000-க்கும் அதிகமான பெண்களைச் சுமார் பதினொரு ஆண்டுகள் கவனித்த பிறகு, முடியை நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் இருந்ததாகச் சொன்னது. தொடர்பு தெரிகிறது, அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. அந்த ரசாயனத்தை அதிகம் பயன்படுத்துவது கறுப்பினப் பெண்கள். அதன் விளம்பரங்கள் பல பத்தாண்டுகளாக இவர்களுடைய இதழ்களில்தான் பக்கம் பக்கமாக வந்தன. சோறு போட்ட விளம்பரதாரரைப் பற்றி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று பத்திரிகைக்காரர்களைக் கேளுங்கள். விளம்பரத்தை நம்பாத சிறு ஒலிபரப்புகளுக்கு மதிப்பு வருவதே இங்கேதான்.

ஒப்பனைக்கும் ஒரு கதை உண்டு. கறுப்பினத்தவருக்கான எபனி இதழின் உரிமையாளர் குடும்பத்து யூனிஸ் ஜான்சன் ஊர் ஊராக ஃபேஷன் காட்சி நடத்திவந்தார். மேடைக்குப் பின்னால் மாடல் பெண்கள் கடையில் கிடைத்த இரண்டு மூன்று ஃபவுண்டேஷன்களைக் கையிலேயே குழைத்துத் தங்கள் நிறத்துக்குக் கொண்டுவருவதைப் பார்த்தார். தயாரிக்கச் சொல்லிப் பெரிய நிறுவனங்களைக் கேட்டும் பலனில்லாமல், 1973-இல் ஃபேஷன் ஃபேர் என்று சொந்தமாகவே தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி (லண்டன்): விளம்பரம் இல்லாமல் இப்படி ஒன்றை நடத்த முடியுமா?

உங்கள் ஊரிலேயே இரண்டு உதாரணம். கறுப்பினப் பெண்களுக்கான இணைய இதழ் பிளாக் பேலட் 2014-இல் தொடங்கியது, உறுப்பினர் சந்தாவை முக்கியமாக வைத்து ஓடுகிறது. வெள்ளையர் அல்லாத பெண்களுக்காக 2015-இல் வந்த கேல்-டெம் நல்ல பெயர் வாங்கியும் 2023-இல் மூடிவிட்டது. சந்தா கட்ட ஆளிருந்தால் நடக்கும். பாராட்டு மட்டும் வைத்து வாடகை கட்ட முடியாது.

கேள்வி (திருநெல்வேலி): நான் ஆண். கேட்கலாமா?

தாராளமாக. நடுவில் 'ஒன்று' எண்ணை அழுத்தி அறிவுரை சொல்லாமல் இருந்தால் சரி.

கேள்வி (பலர்): எதிலிருந்து தொடங்குவது?

ஆங்கிலம் தடையில்லை என்றால் 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்'. அட்லாண்டாவில் இருக்கும் உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2017 முதல் நடத்தும் பாட்காஸ்ட், நிதானமான பேச்சு. கலகலப்பு வேண்டுமென்றால் கிட் ஃப்யூரியும் கிரிசில் வெஸ்ட்டும் 2013-இல் தொடங்கிய 'தி ரீட்'. அதைக் குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது ஹெட்போன் இல்லாமல் போடாதீர்கள், வாய் ரொம்ப நீளம்.