ஓகே என்பதன் விரிவாக்கம் என்ன?

'ஸீரோ கில்டு', அதாவது போரில் ஒருவரும் சாகவில்லை என்று பலகையில் '0 K' எனச் சுருக்கி எழுதியதுதான் ஓகே ஆனது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். அசல் கதை அதைவிட வேடிக்கை.

1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, பிறகு அதைச் சுருக்குவார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதை ஏ, சி என்று தொடங்காமல் ஓ, கே போட்டு 'ஓல் கொரெக்ட்' ஆக்கினார்கள். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் அது அச்சில் வந்தது. 'எல்லாம் சரி' என்று சொல்லவந்த சொல்லிலேயே ரெண்டு எழுத்தும் தப்பு! இதே பாணியில் 'ஆல் ரைட்' என்பதை 'oll wright' ஆக்கி ஓ.டபிள்யூ. என்றும் எழுதினார்கள். இன்று அது யாருக்கும் தெரியாது.

ஓகே மட்டும் தப்பிப் பிழைக்கத் தேர்தல் கைகொடுத்தது. 1840இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் போட்டியிட்டார். சொந்த ஊர் கிண்டர்ஹுக் என்பதால் 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று பட்டப்பெயர். அதற்கும் முதலெழுத்து ஓ, கே. ஆதரவாளர்கள் ஓகே கிளப்பே தொடங்கிவிட்டார்கள். மனிதர் தோற்றுப்போனார், அது வேறு விஷயம். இதையெல்லாம் 1960களில் பழைய பத்திரிகைகளைத் தோண்டி நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியியலாளர்.

இப்போது அந்த ரெண்டு எழுத்தும் அதிகம் என்று வெறும் 'கே' போடுகிறார்கள். அது வந்தால் பெரும்பாலும் எதிராளி கடுப்பில் இருக்கிறார் என்று அர்த்தம்.