தொட்டியில் வளரும் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது. என்ன உரம் போடலாம்?

மாடியில் தொட்டி வைத்திருக்கிறீர்கள், செடி பச்சைப்பசேலென்று இருக்கிறது, ஆனால் காய் அடியில் கறுத்துப்போகிறது. முட்டை ஓடு பொடித்துப் போட்டும் நிற்கவில்லை, வேறு என்ன உரம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எந்த உரமும் வேண்டாம். தண்ணீர் ஊற்றும் முறையை மாற்றுங்கள்.

முதலில் ஒரு காயைத் திருப்பிப் பாருங்கள். காம்புக்கு நேர் எதிரே, பூ உதிர்ந்த இடத்தில், தண்ணீர் கோத்த மாதிரி ஒரு திட்டு வரும். அப்புறம் அது பழுப்பாகி, லேசாகக் குழிந்து, தோல் தடித்துக் கறுக்கும். உங்கள் காயும் இப்படித்தான் இருக்கிறது என்றால், அது பூச்சியும் இல்லை, தொற்றும் இல்லை. காயின் அந்த முனைக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

மண்ணில் கால்சியமே இல்லாமல் இது வருவது குறைவு. வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான் கால்சியம் மேலே ஏறும். இலைகள் நாள் முழுக்க நீரை ஆவியாக்குவதால் பெரும்பங்கு அங்கே போய்விடும். காய் ஆவியாக்குவது கொஞ்சம், அதற்குக் கிடைப்பதும் கொஞ்சம். தொட்டி வறண்டால் முதலில் பட்டினி கிடப்பது காயின் நுனி. மறுநாள் எவ்வளவு ஊற்றினாலும் செத்த திசு பிழைக்காது. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. இலையில் கால்சியம் தெளிப்பதிலும் பெரிய பலன் இல்லை, இலைக்குள் போன கால்சியம் அங்கிருந்து காய்க்கு நகராது.

அதனால் மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். தினமும் இத்தனை குவளை என்று கணக்கு வைக்காதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை மெதுவாக ஊற்றுங்கள். கடும் வெயில் நாட்களில் காலையும் மாலையும் தேவைப்படலாம். மேலே காய்ந்த இலைகளையோ வைக்கோலையோ மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். தொட்டி சிறியது என்றால் என்ன செய்தாலும் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒரு தக்காளிச் செடிக்கு 15 முதல் 20 லிட்டர் மண்ணாவது வேண்டும். ஈரம் வேண்டுமே என்று தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள், மூச்சுமுட்டும் வேராலும் எதையும் உறிஞ்ச முடியாது.

செடி பச்சைப்பசேலென்று இருப்பதும் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை பெருகும், இருக்கிற தண்ணீரை அதுவே இழுத்துக்கொள்ளும். இளந்தளிருக்குச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்து சேரும். பூ எடுத்த பிறகு அளவாக மண்புழு உரம் போதும். வெயில் 6 மணி நேரமாவது நேரடியாக விழட்டும்.

ஆரோக்கியமான காய்கறி வேண்டும் என்றும் எழுதியிருப்பதால் இன்னொன்று. நகரத்தில் தொட்டியை விட்டுத் தரையில் பாத்தி போட நினைத்தால், முதலில் அந்த மண்ணை ஈயத்துக்காகப் பரிசோதியுங்கள். பழைய பெயின்ட்டிலிருந்தும், ஒருகாலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயத்திலிருந்தும் படிந்தது பல பத்தாண்டுகள் மண்ணிலேயே தங்கும். தக்காளி, கத்தரி போன்ற காய்களைவிடக் கீரையிலும் கிழங்கிலும்தான் கவனம் அதிகம் வேண்டும், ஒட்டியிருக்கும் மண்ணே முக்கிய ஆபத்து. பரிசோதிக்க வழியில்லை என்றால் தொட்டியிலேயே தொடருங்கள்.

கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், செடியின் சத்து வீணாக வேண்டாம். பழுத்த பழமாக இருந்து, கறுத்த இடத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால், அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். பெரும்பாலும் முதல் கொத்துக் காய்களில்தான் இது கடுமையாக இருக்கும், ஈரம் சீரானால் பிறகு வரும் காய்கள் தேறிவிடும். செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.